ஒரே கிரேன், மூன்று சம்பளம்: எண்ணெய் வயல் ஆபரேட்டர்களின் ஊதியம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

கேள்வி: திருவாரூர் பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்கு வாடகைக்குப் போகும் ஹைட்ரா கிரேன் (சுமையைத் தூக்கிக்கொண்டே நகரும் சின்ன கிரேன்) ஓட்டுகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல். மாதம் 22,000 ரூபாய். சவுதியில் இருக்கும் மச்சான் கிரேன் வேலைக்கு 2,300 ரியால் என்று ஒரு ஆஃபர் கொண்டுவந்திருக்கிறார். கூடப் படித்தவன் கடலில் ஒரு ரிக்கில் (எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை) கிரேன் ஓட்டுகிறான், நாளுக்கு 5,000, மாதம் ஒன்றரை லட்சம் என்கிறான். வேலை ஒன்றுதானே, சம்பளம் மட்டும் ஏன் இப்படி? சவுதி ஆஃபரை ஒப்புக்கொள்ளலாமா?

பதில்:

தம்பி, மூன்று பேரும் ஓட்டுவது கிரேன்தான். ஆனால் சம்பளத்தை முடிவு செய்வதில் கிரேனுக்குப் பங்கு குறைவு. கிணற்றுக்குச் சொந்தக்கார நிறுவனத்துக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது, நாளை எப்படி எண்ணுகிறார்கள், உங்கள் இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்ற மூன்றும்தான் பெரும்பகுதியை முடிவு செய்கின்றன. எந்த நாடு என்பது அதற்கு அடுத்தபடிதான்.

உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம், கமலாபுரம் என்று டெல்டாவில் இருக்கும் ஓஎன்ஜிசி கிணறுகளுக்கெல்லாம் காரைக்கால்தான் தலைமையிடம். அங்கே ஒரு ரிக் நிற்கும் இடத்துக்குப் போனால், ஒரே வேலிக்குள் நாலைந்து விதமான சம்பளச் சீட்டு இருக்கும். ஓஎன்ஜிசியின் நிரந்தர ஊழியர்கள் ஒரு பக்கம். ரிக் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் அந்த ரிக் நிறுவனத்தின் ஆட்கள். சிமென்டிங் (கிணற்றுக் குழாயைச் சுற்றி சிமென்ட் இறுக்குவது), லாகிங் (கருவி இறக்கிக் கிணற்றை அளப்பது) வேலைக்கு வரும் சர்வீஸ் கம்பெனி ஆட்கள். அப்புறம் கிரேன், டிரெய்லர், டேங்கர் கான்ட்ராக்டின் ஆட்கள். மெஸ், செக்யூரிட்டி தனி.

ஓஎன்ஜிசியிலும் கிரேன் ஓட்டுபவர் உண்டு. மோட்டார் வாகன ஓட்டுநர், கிரேன் பிரிவு என்று தனியாகவே ஆள் எடுத்திருக்கிறார்கள். அவருடைய சம்பளம் தொழிற்சங்கத்தோடு போட்ட ஊதிய ஒப்பந்தப்படி ஓடுகிறது. விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பஞ்சப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். பி.எஃப்., மருத்துவம், விடுப்பு எல்லாம் அதோடு சேர்ந்தவை. எண்ணெய் விலை பாதியாகக் குறைந்தாலும் அவர் வீட்டுக்கு வரும் பணம் குறைவதில்லை.

உங்கள் கதை வேறு. கிரேனை ஆபரேட்டரோடு சேர்த்து இத்தனை டன், மாதம் இவ்வளவு வாடகை என்று டெண்டர் போகிறது. குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. அந்தத் தொகைக்குள்தான் வண்டியின் இ.எம்.ஐ., டீசல், டயர், இன்சூரன்ஸ், உங்கள் சம்பளம், அவருடைய லாபம் எல்லாம் அடங்க வேண்டும். இ.எம்.ஐ.யைக் குறைக்க முடியாது. டீசல் விலை அவர் கையில் இல்லை. குறைத்துக் கேட்டு டெண்டரைப் பிடித்த பிறகு அவரால் இறுக்க முடிந்தது ஆபரேட்டர் சம்பளமும் ஹெல்பர் சம்பளமும்தான். நடுவில் ஒரு சப்-கான்ட்ராக்டரும் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போக வேண்டும். எல்லாம் போக மிஞ்சியதுதான் உங்கள் 22,000. உங்கள் திறமையை யாரும் எடைபோட்டு அந்தத் தொகைக்கு வரவில்லை.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளில், முதன்மை நிறுவனத்தின் நேரடி ஊழியர் செய்யும் அதே வேலையை அல்லது அதுபோன்ற வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் ஊதியமும் அதேதான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. நடைமுறையில், "இரண்டும் ஒரே வேலை இல்லை" என்ற ஒரு வரியில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதை வழக்காடி ஜெயிக்க வருடக் கணக்கில் ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் உடனே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. கான்ட்ராக்டர் தன் பதிவேட்டில் உங்களை என்னவென்று எழுதியிருக்கிறார்? ஆபரேட்டர் என்றா, ஹெல்பர் என்றா? மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியத்தில் திறன் வாரியாக நான்கு படிகள் உண்டு. 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த விகிதப்படி, கட்டுமானம், சுமை ஏற்றி இறக்குதல் போன்ற வேலைகளுக்கு, ஏ பிரிவு நகரங்களில் திறன் தேவையில்லாத வேலைக்கு நாளுக்கு 783 ரூபாய். உயர்திறன் வேலைக்கு 1,035 ரூபாய். சிறிய ஊர்களுக்கு இரண்டுமே இதைவிடக் குறைவு. இந்த இடைவெளியை 26 நாளுக்குப் பெருக்கினால் மாதம் 6,552 ரூபாய். கிரேன் ஓட்டுபவரைக் காகிதத்தில் ஹெல்பராகக் காட்டினால் இந்த அளவுப் பணம் ஒவ்வொரு மாதமும் போகிறது. உங்கள் யூ.ஏ.என். (பி.எஃப். கணக்கு) எண்ணைப் போட்டு பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். எந்தச் சம்பளத்தின் மேல் பி.எஃப். கட்டுகிறார்கள் என்று தெரிந்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். புகார் என்று போனால், எண்ணெய் வயல் மத்திய அரசின் வரம்பில் வருவது. மாவட்டத்தில் இருக்கும் மாநிலத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் அலைய வேண்டாம். மத்திய தொழிலாளர் ஆணையர் அமைப்பின் அலுவலகம்தான் இடம்.

இந்த அடுக்கு நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை எண்ணெய் வயல் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சம்பளக் கணக்கு வெளியிடுகிறது. 2023 வாக்கில் ரிக்கில் எடுபிடி வேலை செய்யும் ரௌஸ்டபவுட்டின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் நாற்பதாயிரத்துச் சொச்சம் டாலர். சேற்றிலும் சத்தத்திலும் நின்று துளையிடும் ரோட்டரி டிரில் ஆபரேட்டருக்கு அறுபதாயிரத்தை ஒட்டி. சுத்திகரிப்பு ஆலையில் பேனல் பார்த்து வால்வு திருப்பும் ஆபரேட்டருக்கோ தொண்ணூறாயிரத்தை ஒட்டி. வெயிலும் ஆபத்தும் அதிகம் இருக்கும் இடத்தில் பணமும் அதிகம் இருக்கும் என்று நாம் நினைப்போம். இங்கே தலைகீழாக இருக்கிறது. ஆலை ஆபரேட்டர் பெரும்பாலும் ஆலைக்குச் சொந்தக்கார நிறுவனத்தின் நேரடி ஊழியர், அவருக்குப் பின்னால் ஸ்டீல்வொர்க்கர்ஸ் போன்ற சங்கம் நாடு தழுவிய ஒப்பந்தம் பேசுகிறது. துளையிடுபவர் கான்ட்ராக்டரின் ஆள். விலை விழுந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் அவர்தான்.

சரி, இயந்திரத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எத்தனை டன் தூக்குகிறது என்பதில் இல்லை, நின்றால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. யார்டில் ஃபோர்க்லிஃப்ட் நின்றால் இன்னொன்று வரும்வரை காத்திருக்கலாம். சிமென்டிங் பம்ப் பாதியில் நின்றால் குழாய்க்குள்ளேயே சிமென்ட் இறுகி, கோடிக்கணக்கில் செலவழித்துத் தோண்டிய கிணறு பாழாகலாம். காயில்டு ட்யூபிங் (கிணற்றுக்குள் இறக்கும் சுருள் குழாய்), ஸ்லிக்லைன் (மெல்லிய கம்பி) வின்ச், நைட்ரஜன் பம்ப் ஓட்டுகிறவர்களும் இந்த வகைதான். அழுத்தத்தோடு இருக்கும் கிணற்றுக்குள் நேராகக் கை வைக்கிறார்கள். அதனால் சர்வீஸ் கம்பெனிகளில் இவர்களுக்கு மாதச் சம்பளம் ஓரளவாக இருந்தாலும், ஒவ்வொரு ஜாபுக்கும் தனியாக போனஸ் வரும். வேலை குவிந்த மாதத்தில் போனஸ், பேசிக் எனும் அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டும். வேலை இல்லாத மாதத்தில் வெறும் பேசிக். இவர்கள் யாராவது சம்பளம் சொன்னால் அது எந்த மாதத்துச் சம்பளம் என்று கேட்டுவிட்டுத்தான் பொறாமைப்பட வேண்டும்!

கடலில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. கடல்தரையில் கால் ஊன்றி நிற்கும் ஒரு ஜாக்-அப் ரிக்கின் நாள் வாடகை பல பத்தாயிரம் டாலர், நல்ல காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆழ்கடல் ரிக் என்றால் அதைப்போல் சில மடங்கு. சப்ளை போட் வந்து பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது, அந்த ஆட்டத்தோடு சேர்த்துக் கணக்கிட்டுச் சுமையைத் தூக்க வேண்டும். கீழே டெக்கில் ஆள் நிற்பார்கள். உங்கள் நண்பனுக்கு நாள் சம்பளம் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

ஆனால் அவன் சொன்ன ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கடல் ரிக்குகளில் 28 நாள் வேலை, 28 நாள் வீடு, அல்லது 14-க்கு 14 என்று ரொட்டேஷன். நாள் 5,000 என்பது ரிக்கில் இருக்கும் நாளுக்கு மட்டும் என்றால், வருடத்தில் அவனுக்குச் சம்பளம் வருவது சுமார் 182 நாளுக்கு. 9,10,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 76,000-க்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை லட்சம் என்பது ரிக்கில் இருந்த மாதத்தின் தொகை. அடுத்த மாதத்தைச் சேர்க்காமல் சொல்கிறான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவனைக் குறை சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் நாளுக்கும் சம்பளம் தரும் நிறுவனங்களும் உண்டு, அவர்கள் நாள் கணக்கில் பேச மாட்டார்கள், மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். அவன் எந்த வகை என்று கேளுங்கள். ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் யார் செலவு, வானிலை மோசமாகி ஹெலிகாப்டர் வராமல் கூடுதலாகத் தங்கிய நாளுக்குப் பணம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

அப்படிப் பார்த்தாலும் அவன் உங்களைவிட நன்றாகத்தான் இருக்கிறான். நீங்கள் மாதம் 26 நாள் என்றால் வருடத்தில் 312 நாள் உழைத்து 2,64,000 சம்பாதிக்கிறீர்கள். நாளுக்கு 850-க்கும் கீழே. அவனுக்கு நாளுக்கு 5,000, ஆனால் ஒரு நாள் என்பது 12 மணி நேரம். வருடக் கணக்கில் உங்களைப்போல் மூன்றரை மடங்கு. வேலை செய்த நாள் கணக்கில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நான் எப்போதும் இந்த இரண்டாவது கணக்கைத்தான் முதலில் போடச் சொல்வேன். ஏஜென்ட்டும் நண்பனும் சொல்லும் மாதச் சம்பளத்தில் உழைப்பின் அளவு தெரியாது.

நாள் சம்பளம் என்ற இந்த முறை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. ஹெலிக்ஸ் என்ற நிறுவனத்தின் கடல் ரிக்கில் டூல்புஷராக (துளையிடும் குழுவின் மேற்பார்வையாளர்) இருந்தவர், 28 நாள் வேலை, 28 நாள் வீடு. வாரம் 84 மணி நேரம். சம்பளம் நாள் கணக்கில், குறைந்தது 963 டாலர். வருடத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். இவ்வளவு வாங்கும் மேலாளருக்கு ஓவர்டைம் எதற்கு என்றது நிறுவனம். 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நாள் கணக்கில் தருவது மாதச் சம்பளம் போன்ற நிலையான ஊதியம் ஆகாது, ஆகவே அவருக்கு ஓவர்டைம் உரிமை உண்டு என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தொகை பெரியதா சிறியதா என்பதை வைத்து அவர்கள் தீர்மானிக்கவில்லை, எப்படி எண்ணிக் கொடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் தீர்மானித்தார்கள். எண்ணெய் வயலில் ஊதியத்தைப் பற்றி யோசிக்கிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு.

ரொட்டேஷன் வேலையில் வெளிநாட்டு ரிக்குக்குப் போகிறவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொன்று வருமான வரி. இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்று கணக்காகும், வெளிநாட்டில் சம்பாதித்ததும் வரிக்குள் வரும். 28-க்கு 28 என்றால் வருடத்தில் பாதி நாள் ஊரில். அதாவது சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். தங்கை கல்யாணத்துக்கு என்று ஒரு வாரம் கூடுதலாக இருந்துவிட்டால் வருடச் சம்பளம் முழுவதும் வரிக் கணக்குக்குள் போய்விடலாம். பல வருடமாக வெளியிலேயே இருந்தவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு, புதிதாகப் போகிறவருக்கு அது உதவாது. பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து நாளை எண்ணிக்கொண்டே வர வேண்டும். மும்பை ஹை போன்ற இந்தியக் கடலில் வேலை என்றால் இந்தக் கேள்வியே இல்லை, அது இந்திய வருமானம்.

இனி சவுதி. உங்கள் ஆஃபர் 2,300 ரியால் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது பேசிக்கா, ஓ.டி. (ஓவர்டைம்) சேர்த்தா? சவுதியில் வழக்கமான வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் மணிக்கான ஊதியத்தோடு பேசிக்கில் பாதியைச் சேர்த்துத் தர வேண்டும். எண்ணெய் வயல் பக்கம் 10 மணி நேர டியூட்டி சகஜம். அலவன்ஸ் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுகிறேன். பேசிக் 1,800 என்றால் மணிக்கு ஏழரை ரியால், ஓ.டி. மணிக்குப் பதினொன்றே கால். தினம் 2 மணி வீதம் 26 நாளுக்கு 52 மணி, 585 ரியால். மொத்தம் 2,385. ஆக, "1,800 பேசிக், ஓ.டி. தனி" என்ற ஆஃபர், "2,300, 10 மணி நேர டியூட்டி, எல்லாம் சேர்த்து" என்ற ஆஃபரைவிட மேல். ஆனால் ஊரில் யாரிடம் காட்டினாலும் இரண்டாவதைத்தான் பெரியது என்பார்கள். ஏஜென்ட்டுகளுக்கும் அது தெரியும்.

பேசிக் எவ்வளவு என்பது கடைசி நாளிலும் பேசும். அமீரகத்தில் கிராஜுட்டி பேசிக்கின் மேல் மட்டும்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம். மொத்தம் 3,000 திர்ஹம் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பேசிக் 1,500, மீதி அலவன்ஸ். இன்னொருவருக்குப் பேசிக் 2,400. ஐந்து வருடம் கழித்துக் கிளம்பும்போது முன்னவருக்கு 5,250 திர்ஹம், பின்னவருக்கு 8,400. சவுதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதன்பின் வருடத்துக்கு ஒரு மாதம். நம் நாட்டிலும் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதை ஊதியமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பேசிக்கைச் சுருக்கி அலவன்ஸை ஊதும் பழக்கத்துக்காகத்தான் அது.

வளைகுடாவில் இன்னொரு விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுத மாட்டார்கள்: பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம். ஒரே ரிக்கில், ஒரே பதவியில், மேற்கத்தியருக்கு ஒன்று, அரபு நாட்டவருக்கு ஒன்று, இந்தியர், பிலிப்பினோ, வங்கதேசத்தவருக்கு வேறொன்று. "உங்கள் ஊரில் இந்த வேலைக்கு என்ன கிடைக்கும்" என்பதை அடிப்படையாக வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே நிர்ணயிக்கிறார்கள். உங்களுக்கு இங்கே 22,000 என்பதால்தான் அங்கே 2,300 ரியால் வருகிறது. நியாயம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பேரம் பேசப் போகும்போது இது தெரிந்திருக்க வேண்டும். கைச் சம்பளத்தை ஏஜென்ட்டிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடாதீர்கள். ஓமன், குவைத், சவுதி மூன்றிலும் எண்ணெய்த் துறையில் சொந்த நாட்டவரை எடுக்கும் அழுத்தமும் கூடிக்கொண்டே வருகிறது. ஆபரேட்டர் வேலைகள்தான் அவர்கள் எளிதாக நிரப்பக்கூடியவை.

ரியாலும் திர்ஹமும் டாலரோடு கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்பது பல பத்தாண்டுகளாக மாறவில்லை. ரூபாய் இறங்கும்போது, சம்பள உயர்வே இல்லாமல் ஊருக்கு வரும் பணம் கூடுகிறது. ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 2,300 ரியால் மாதம் 52,900. பத்து வருடமாக ஒரே ரியால் சம்பளத்தில் இருந்தும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நல்லதில் பாதி கரன்சியால் வந்தது, முதலாளியால் வந்ததல்ல.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது, அது யார் கையிலும் இல்லை. 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே போனது. அமெரிக்காவில் 1,900-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ரிக்குகள் 2016 மே மாதம் 404 ஆகச் சுருங்கின. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே போனதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். விலை நன்றாக இருக்கும்போதும் அடி விழலாம். 2024 ஜனவரியில் சவுதி அரசு, உற்பத்தித் திறனை நாளுக்கு 13 மில்லியன் பீப்பாயாக உயர்த்த வேண்டாம், 12 போதும் என்று தன் எண்ணெய் நிறுவனமான அரம்கோவிடம் சொன்னது. அதைத் தொடர்ந்து அந்த ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட ஜாக்-அப் ரிக்குகளை அரம்கோ நிறுத்தி வைத்தது. ரிக் நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் கான்ட்ராக்டரின் ஆட்கள் பாதிச் சம்பளத்திலோ, சம்பளமில்லாத விடுப்பிலோ ஊருக்கு வருவார்கள். அரம்கோவின் சொந்த ஊழியருக்கு அது செய்தி மட்டும்தான். மறுபடியும் அதே அடுக்கு.

ஆபத்தும் அந்த அடுக்கில் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பை ஹை பகுதியில் பி-305 பார்ஜ் (தொழிலாளர்கள் தங்கும் மிதவைக் கப்பல்) மூழ்கியது. அதில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓஎன்ஜிசியின் வேலைக்காகப் போனவர்கள், ஆனால் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். கடல் வேலை என்று யாராவது நாள் சம்பளத்தைச் சொன்னால், விபத்துக் காப்பீடு எவ்வளவு, யார் பெயரில், எந்த நாட்டுச் சட்டப்படி என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இனி உங்கள் விஷயம். டெல்டாவில் 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு வழி அடைபட்டிருக்கிறது. விவசாயிகள் பக்கம் நின்று பார்த்தால் அது வேண்டியதுதான், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் கிரேன் ஓட்டுபவருக்கு இதன் பொருள், இனி ஊரில் பெரும்பாலும் பழைய கிணறுகளின் பராமரிப்பு, வொர்க்கோவர் (பழுதுபார்ப்பு) வேலைதான். கிரேனின் தேவை பெருகாது, சம்பளமும் பெரிதாக ஏறாது. ஹைட்ராவையே பாதுகாப்புக் காரணத்துக்காகப் பல பெரிய நிறுவனங்கள் தங்கள் தளங்களுக்குள் அனுமதிப்பதைக் குறைத்து வருகின்றன. எனவே நகரத்தான் வேண்டும். எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி.

சவுதி எண்ணெய் வயல்களில் பெரும்பாலும் கேட்பது ரஃப் டெரெய்ன் (கரடுமுரடான தரையில் ஓடும்), ட்ரக் மவுண்டட் (லாரி மேல் பொருத்திய) கிரேன்கள். இத்தனை டன் வரை ஓட்டத் தகுதி என்று சான்று வேண்டும், அந்த நாட்டின் கனரக லைசென்ஸும் வேண்டும். அரம்கோ தளத்துக்குள் போக வேண்டுமென்றால் அவர்கள் ஏற்கும் ஆபரேட்டர் சான்று தனி. ஹைட்ரா அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால், அங்கே இறங்கியபின் டெஸ்டில் தவறி, சுமை கட்டும் ரிக்கராகவோ ஹெல்பராகவோ மாற்றப்பட்டவர்கள் நிறைய. அப்போது 2,300 என்பது 1,200 ஆகிவிடும், விசா அவர்கள் கையில். ஆகவே முதலில் இங்கேயே ஒரு 40 அல்லது 50 டன் டெலஸ்கோப்பிக் கிரேன் ஓட்டும் இடத்துக்கு மாறுங்கள், சம்பளம் இதே 22,000 இருந்தாலும் பரவாயில்லை. பிறகு லோட் சார்ட் (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை) படித்துத் தேர்வெழுதும் உண்மையான மூன்றாம் தரப்புச் சான்று வாங்குங்கள். ஐயாயிரம் கொடுத்தால் வாட்ஸாப்பில் வரும் சான்று வேண்டாம். தளத்தில் பார்கோடைச் சரிபார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடல் ரிக் பாதை வேறு மாதிரி. அங்கே கிரேன் ஆபரேட்டராக நேரடியாக எடுப்பது குறைவு. ரௌஸ்டபவுட்டாகச் சேர்ந்து, டெக்கில் கொக்கி மாட்டிப் பழகி, உதவி கிரேன் ஆபரேட்டராகி, அப்புறம் கேபினுக்குள் போவார்கள். ஏறும் முன் கடல் பாதுகாப்புப் பயிற்சி, தண்ணீருக்குள் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வரும் பயிற்சி எல்லாம் வேண்டும். சான்றுக்கு நான்கு வருட ஆயுள். டிப்ளமோ இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: ரிக் ஃப்ளோர் (துளையிடும் தளம்) பக்கம் போய், டெரிக்மேன் (கோபுரத்தின் மேலே நின்று குழாய்களைக் கையாள்பவர்), அசிஸ்டென்ட் டிரில்லர் என்று ஏறி, ஐடபிள்யூசிஎஃப் என்ற சர்வதேச அமைப்பின் கிணற்றுக் கட்டுப்பாட்டுத் தேர்வு எழுதுவது. டிரில்லருக்கு மூன்றாம் நிலை, மேற்பார்வையாளருக்கு நான்காம் நிலை; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்று எந்த நாட்டுக்கும் செல்லும். மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து அழுத்தம் ஏறி வரும்போது முதலில் கவனித்துக் கிணற்றை மூட வேண்டியவர் டிரில்லர் என்பதால், சம்பள ஏணியில் கிரேன் ஆபரேட்டர் தொட முடியாத இடத்துக்கு அவர் போகிறார். உங்கள் வயதில் நான் இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மெதுவான வழிதான், முதல் இரண்டு வருடம் சம்பளம் உங்களை எரிச்சல்படுத்தும்.

சவுதி ஆஃபரையே எடுப்பதாக இருந்தால், ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒன்றரை லட்சம் கேட்டால், உங்கள் முதல் மூன்று மாதச் சம்பளத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று அர்த்தம். பத்து லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு சில நூறு ரூபாய்தான், போட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. அவர்கள் அறிவிப்புகளில் கிரேன், கனரக வாகன வேலை வருகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

மச்சானிடம் இதை மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஆஃபர் லெட்டரில் பேசிக், வேலை நேரம், ஓ.டி., சாப்பாடு, டெஸ்டில் தவறினால் என்ன என்று எழுதியிருக்கும் வரிகள். கம்பெனி பெயரை மறைத்துவிட்டு அந்த வரிகளை அப்படியே அனுப்பினால், 2,300-இல் உண்மையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.